கிளியின் இரவும் அணைக்காத விளக்கும்

புதிதாக ஒரு கிளியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இரவு என்ன செய்வது? பகலில் செய்ய வேண்டியவை பற்றி எல்லோருக்கும் ஏதாவது ஒரு யோசனை இருக்கிறது. தினை வைக்கலாம், கொத்தமல்லித் தழை தரலாம், தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி வைக்கலாம். இரவு வந்ததும் நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. பெரும்பாலோர் இரக்கத்தின் பேரில் ஒரு சிறு விளக்கை எரியவிட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுகிறோம்.

நானும் அதைத்தான் செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, கடைக்காரர்கள் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லி விற்கும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகள் இரண்டு எங்கள் வீட்டுக்கு வந்தன. “இருட்டில் அதுகளுக்குப் பயமாக இருக்காதா, அப்பா?” என்று என் மகள் கேட்டாள். கூண்டுக்கு மேலே ஒரு ‘ஜீரோ வாட்’ விளக்கை மாட்டினேன். இரவில் நான் எழுந்து பார்த்தபோதெல்லாம் இரண்டில் ஒரு கிளியாவது ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் இரவு மின்சாரம் தடைப்பட்டு, நள்ளிரவுக்குப் பின் திடீரென்று வந்தது. அணைக்க மறந்திருந்த குழல்விளக்கும் சேர்ந்து எரிந்தது. இரண்டு கிளிகளும் அலறிச் சிறகடித்துக் கம்பிகளில் மோதின. ஒன்றுக்கு அலகின் மேற்புறத்தில் தோல் கிழிந்து இரத்தம் கசிந்தது.

ஆண்டுதோறும் வகுப்பில் ஒளியியல் நடத்துகிறவன் நான். ஒரு பறவைக்கு ஒளி என்பது என்ன என்று அன்றுவரை நான் கேட்டுக்கொண்டதில்லை. அதன் பிறகு தேடிப் படித்தபோது, என் தவற்றை என்னைவிட மிகப் பெரியவர்களும் செய்திருக்கிறார்கள் என்பது தெரிய வந்தது. பறவையின் இரவை மனிதன் புரிந்துகொண்ட வரலாறு அது.

வரலாற்றுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றின் இரவு மரக்கிளையில்தான் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வளர்ப்புக் கிளி என்று சொல்வதெல்லாம், பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே இனம்பெருகி வரும் ஆஸ்திரேலியச் சிறு கிளி போன்றவற்றைத்தான்.

பேச்சைக் கேட்டார்கள், உறக்கத்தைப் பார்க்கவில்லை

கிளியைப் பற்றி மேனாட்டார் எழுதி வைத்த மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று க்டீசியஸ் என்ற கிரேக்க மருத்துவருடையது. கி.மு. 400 ஐ ஒட்டிய காலத்தில் அவர் பாரசீக மன்னரின் அரண்மனையில் பணிபுரிந்தார். இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை, கேள்விப்பட்டதை எழுதினார். இந்தியாவில் ஒரு பறவை இருக்கிறது, அது இந்திய மொழியை மனிதனைப் போலவே பேசும், கிரேக்கம் கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்பது அவர் தந்த செய்தி.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினியும் இந்தியக் கிளியைப் பற்றி எழுதினார். கிளியின் தலை அதன் அலகைப் போலவே கடினமானது என்றும், பேசக் கற்பிக்கும்போது இரும்புக் கம்பியால் தலையில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காது என்றும் அவர் குறித்து வைத்தார். இந்தக் கடினமான தலையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்றுப் பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

பல நூற்றாண்டுகள் இப்படியே சென்றன. கிளி எதைப் பேசும், எதைத் தின்னும், எந்த நிறத்தில் இருக்கும் என்று எழுதினார்கள். 1840 ஆம் ஆண்டு ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் ஆஸ்திரேலியச் சிறு கிளிகளை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். மிக விரைவில் அவை ஐரோப்பிய வீடுகளின் வரவேற்பறைகளுக்குள் புகுந்தன. கூண்டுகள் விதவிதமாகச் செய்யப்பட்டன. ஆனால், கதிரவன் மறைந்த பிறகு அந்தக் கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வியை அறிவியல் கையில் எடுக்க இன்னும் வெகுகாலம் பிடித்தது.

விளக்கேற்றிப் பாட வைத்தவர்கள்

ஒளிக்கும் பறவைக்கும் உள்ள உறவை முதலில் கண்டுகொண்டவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். பறவை வளர்ப்போரும் வேடருமே. ஜப்பானில் ‘யோகை’ என்றொரு பழைய வழக்கம் இருந்தது. வசந்த காலத்தில் பாடும் பறவைகளை, நடுக்குளிர்காலத்திலேயே பாட வைப்பதற்காக, இலையுதிர்காலம் முதல் சூரியன் மறைந்த பிறகும் சில மணி நேரம் கூண்டருகே விளக்கை எரிய வைப்பார்கள். பறவை சனவரியிலேயே பாடத் தொடங்கிவிடும். ஹாலந்து நாட்டுப் பறவை பிடிப்போர் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். வசந்த காலத்திலிருந்தே பறவையை இருட்டறையில் வைத்து, இலையுதிர்காலத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவார்கள். பறவை அதையே வசந்தம் என்று எண்ணிப் பாடும். அந்தப் பாட்டு மற்றப் பறவைகளை வலைக்கு இழுக்கும்.

இந்தக் கைப்பழக்கத்தைச் சோதனைச் சாலைக்குக் கொண்டுவந்த பெருமை வில்லியம் ரோவனுடையது. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த அவர், 1924 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், தெற்கு நோக்கி வலசை போய்க்கொண்டிருந்த ‘ஜங்கோ’ என்னும் சிறு பறவைகளைப் பிடித்துத் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்தார். ஒரு கூண்டில் மின்விளக்குகளை மாட்டி, நாள்தோறும் சில நிமிடங்கள் கூடுதலாக எரிய வைத்தார். இன்னொரு கூண்டுக்கு இயற்கை ஒளி மட்டுமே. இரண்டு கூண்டுகளும் ஒரே கடுங்குளிரில்தான் இருந்தன. நடுக்குளிர்காலத்தில் பார்த்தபோது, விளக்குக் கூண்டுப் பறவைகளின் இனப்பெருக்கச் சுரப்பிகள் வசந்த கால அளவுக்கு வளர்ந்திருந்தன. மற்றக் கூண்டில் அந்த மாற்றம் இல்லை. பறவையின் உடலுக்குப் பருவத்தை அறிவிப்பது வெப்பம் அன்று, பகலின் நீளமே என்பதை 1925 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை காட்டியது.

இதன் பொருளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நாம் நமது வசதிக்காக எரிய வைக்கும் விளக்கைப் பறவையின் உடல் விளக்கு என்று அறியாது. அதைப் பகல் என்றே கணக்கில் எழுதிக்கொள்கிறது.

மண்டையோட்டைக் கடக்கும் ஒளி

அப்படியானால் அந்த ஒளி எந்த வழியாக உள்ளே போகிறது? கண் வழியாக என்றுதான் யாரும் விடை சொல்வார்கள். 1930 களில் பிரான்சு நாட்டு அறிஞர் ஜாக் பென்வா இதை வாத்துகளிடம் சோதித்தார். கண்பார்வையை இழந்த வாத்துகளின் உடலும் ஒளி நேரத்தின் நீளத்தை உணர்ந்தது. பிறகு அவர் ஒரு மெல்லிய குவார்ட்சுத் தண்டின் வழியாக ஒளியை நேரே மூளையின் அடிப்பகுதிக்குச் செலுத்தினார். அங்கே ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஒளிக்கு மறுமொழி தந்தது. ஒளி குவார்ட்சுத் தண்டுக்குள் முழு அக எதிரொளிப்பு அடைந்து மறுமுனைக்குப் போகும் இதே தத்துவத்தில்தான் இன்றைய ஒளியிழைகள் செயல்படுகின்றன.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெனாக்கர் 1968 ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிட்டுக்குருவிகளைக் கொண்டு இன்னும் தெளிவான சான்று தந்தார். கண்ணிழந்த குருவிகளும் ஒளி-இருள் சுழற்சிக்கேற்ப விழித்து ஓய்ந்தன. ஒளி மிகவும் மங்கியபோது சில குருவிகள் அதை உணரத் தவறின. அவற்றின் தலையிலுள்ள இறகுகளை மட்டும் நீக்கியதும் மீண்டும் உணர்ந்தன. தலைத் தோலுக்கு அடியில் கறுப்பு மையைச் செலுத்தியபோதோ, அந்த உணர்வு குறைந்து போயிற்று. ஒளி இறகையும் தோலையும் மண்டையோட்டையும் கடந்து மூளைக்கே போகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா? பிளினி கடினம் என்று சொன்ன தலை, ஒளிக்கு ஒரு மெல்லிய திரைச்சீலை போன்றது!

இங்கே ஓர் இயற்பியல் நுட்பமும் உண்டு. சிவப்பு ஒளி திசுக்களை எளிதில் ஊடுருவும். நீலமும் பச்சையும் வழியிலேயே பெருமளவு உறிஞ்சப்படும். உள்ளங்கையால் கைவிளக்கை மூடினால் விரலிடுக்கில் சிவப்பாகத் தெரிவது இதனால்தான். ஆகவே, சிவப்பு ஒளிக்குத்தான் மூளை அதிகம் மறுமொழி தருகிறது என்று முதலில் தோன்றியது. 1985 இல் இங்கிலாந்தில் ரசல் ஃபாஸ்டரும் அவர் தோழர்களும் காடைகளை ஆராய்ந்து, வழியில் ஏற்படும் இழப்பைக் கழித்துக் கணக்கிட்டனர். மூளைக்குள் இருக்கும் ஒளியுணர்விகள் 492 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை ஒளிக்கே மிகுந்த உணர்வு கொண்டவை என்பது தெரிந்தது. நம் வீடுகளில் இரவு விளக்காக நீலத்தையும் பச்சையையும் விரும்பி மாட்டுகிறோம் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

இந்த உண்மைகளுக்காகப் பல பறவைகள் தம் கண்களையே விலையாகக் கொடுத்திருக்கின்றன. அவ்வளவு விலைகொடுத்துப் பெற்ற அறிவைப் பறவைகளின் நலனுக்காகப் பயன்படுத்தாமல் விடுவது நியாயமாகாது.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

ஒளி மூளைக்குப் போய் அங்கே என்ன செய்கிறது? 1729 ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் தெ மெய்ரான், தொட்டாற்சுருங்கி வகையைச் சேர்ந்த ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மடங்கின. உயிர்களுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அது முதல் அடையாளம். அந்தக் கடிகாரம் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. ‘ஏறத்தாழ’ என்பதால் அது நாள்தோறும் சிறிது பிசகும். ஒவ்வொரு நாளும் விடியலும் அந்தியும் அதைச் சரிசெய்து வைக்கின்றன.

சிட்டுக்குருவியில் இந்தக் கடிகாரத்தின் முக்கியமான பகுதி பினியல் என்னும் சிறு சுரப்பியில் இருக்கிறது. அது மண்டையோட்டுக்கு நேர் கீழே அமைந்துள்ளது. அதை நீக்கிவிட்டால் தொடர்ந்த இருட்டில் குருவியின் நேர ஒழுங்கு குலைந்து போவதை மெனாக்கரும் அவருடைய மாணவியும் 1968 இல் கண்டனர். 1979 இல் அவருடைய ஆய்வுக்குழு, ஒரு குருவியின் பினியல் சுரப்பியை எடுத்து, அது இல்லாத இன்னொரு குருவியின் கண்ணுக்குள் பொருத்தியது. பெற்றுக்கொண்ட குருவி, கொடுத்த குருவியின் நேரப்படி விழிக்கத் தொடங்கியது! சுரப்பியோடு கடிகாரமும் இடம் மாறிவிட்டது.

இந்தச் சுரப்பி இருளில் வெளியிடும் பொருளுக்கு மெலட்டோனின் என்று பெயர். 1958 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் இதனைப் பிரித்தெடுத்தார். ஒளி பட்டால் இதன் சுரப்பு குறையும். உடலின் உறுப்புகளுக்கெல்லாம் ‘இரவு வந்துவிட்டது’ என்று பறையறைவது இதுதான். விளக்கு எரியும் அறையில் அந்தப் பறை தணிந்துதான் ஒலிக்கும்.

கடிகாரத்தைச் சரிசெய்வது ஒளி மட்டும்தானா என்ற கேள்விக்கு நம் மதுரையிலிருந்து ஒரு விடை கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து முதலியோர் மதுரை அருகே ஒரு குகையில் வாழும் வௌவால்களை ஆராய்ந்து 1981 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒளி எட்டாத குகைக்குள், வெளியே போக முடியாதபடி அடைத்து வைத்த ஒரு வௌவால், சுற்றிலும் மற்ற வௌவால்கள் அந்தியில் கிளம்பிப் போய் வருவதை உணர்ந்தே தன் நேரத்தைச் சரியாக வைத்துக்கொண்டது. துணையே இல்லாத குகையில் அடைக்கப்பட்ட வௌவாலின் நேரமோ நாளுக்கு நாள் பிசகிக்கொண்டு போயிற்று. வௌவால் பறவையன்று. ஆயினும் கூட்டமாய் வாழும் உயிருக்குத் துணையின் அசைவும் ஒரு கடிகாரம் என்ற செய்தி, கூட்டமாகவே அடையும் கிளி இனத்தைப் பற்றியும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மாலையில் கிளிகள் அடையும் மரத்தருகே நின்றவர்கள் அந்த ஆரவாரத்தைக் கேட்டிருப்பார்கள். தனியாக ஒரு கூண்டுக்கு வந்துசேர்ந்த கிளிக்கு அந்த ஆரவாரம் இல்லை. அது அடங்கும் நேரமும் தெரிவதில்லை.

ஒரு கண் உறக்கம்

உறக்கத்தை அளக்கும் கருவி மனிதனுக்குக் கிடைத்ததே இருபதாம் நூற்றாண்டில்தான். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929 இல் வெளியிட்டார். 1953 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்கும் மனிதனின் கண்கள் மூடிய இமைக்குள் அவ்வப்போது விரைந்து அசைவதைக் கண்டனர். அந்த வேளையில் எழுப்பினால் பெரும்பாலும் கனவைச் சொல்வார்கள். இதைக் ‘கண்ணசைவு உறக்கம்’ என்று சொல்லலாம். மற்றொன்று, மூளையலைகள் பெரிதாகவும் மெதுவாகவும் எழும் ‘மந்த அலை உறக்கம்’. நம் இரவு முழுவதும் இவ்விரண்டும் மாறிமாறி வருகின்றன.

பறவைகளிடம் வேறொரு வியப்பும் காணப்பட்டது. அவற்றால் மூளையின் ஒரு பாதியை உறங்கவிட்டு, மறுபாதியை விழிப்பாக வைத்துக்கொள்ள முடிகிறது. விழித்திருக்கும் பாதிக்கு எதிர்ப்பக்கத்துக் கண் திறந்திருக்கும். 1999 இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நீல்ஸ் ரேட்டன்போர்க்கும் அவர் தோழர்களும் காட்டு வாத்துகளை வரிசையாக வைத்துக் கவனித்தனர். வரிசையின் நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரு கண்களையும் மூடி உறங்கின. இரு ஓரங்களிலும் இருந்த வாத்துகள் ஒற்றைக் கண் உறக்கத்தை மிக அதிகமாகக் கைக்கொண்டன. அவை திறந்து வைத்திருந்ததும் பெரும்பாலும் கூட்டத்துக்கு வெளியே நோக்கிய கண்ணையே. ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருமோ, அந்தப் பக்கத்தை மூளையின் பாதி காவல் காக்கிறது.

என் வீட்டுக் கிளியின் திறந்த கண் எதைச் சொல்லிற்று என்பது இதைப் படித்த பின்பே எனக்கு விளங்கியது. அது வரிசையின் ஓரத்தில் இருந்த வாத்தின் நிலையில் இருந்தது. கூண்டின் நான்கு புறமும் அதற்கு ஓரம்தான்.

இதைப் பறவையின் விந்தை என்று மட்டும் எண்ண வேண்டாம். 2016 இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யூகா சசாகி முதலியோர், புதிய இடத்தில் உறங்கும் மனிதர்களை ஆராய்ந்தனர். முதல் இரவில் மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிடக் குறைந்த ஆழத்தில் உறங்கியது. சிறு ஓசைகளுக்கும் அந்தப் பாதியே விரைந்து விழித்தது. அடுத்து வந்து உறங்கியபோது இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. வெளியூரில் முதல் நாள் இரவு நமக்கு உறக்கம் பிடிக்காததன் காரணம் இதுதான். புது இடத்துக் கிளிக்கும் நமக்கும் இந்த ஒன்றில் பெரிய வேறுபாடு இல்லை.

ஆய்வுக்கூடத்தில் எரிந்த விளக்கு

இனி, இந்த வரலாற்றின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

பறவைகளின் உறக்கத்தை மின்முனைகளால் ஆராய்ந்த பழைய ஆய்வாளர்கள் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். பறவைக்குக் கண்ணசைவு உறக்கம் மிகவும் சொற்பம்; பாலூட்டிகளுக்கு உள்ளதுபோன்ற சிக்கலான உறக்க அமைப்பு பறவைக்கு இல்லை என்பது அந்த முடிவு. ஆஸ்திரேலியச் சிறு கிளியைப் பற்றி 1989 இல் வெளியான ஓர் ஆய்வும் அப்படியே சொல்லிற்று. முப்பது ஆண்டுகள் இந்த முடிவு நின்றது. பறவையின் உறக்கமும் பாலூட்டியின் உறக்கமும் தனித்தனியே தோன்றியவை என்ற பரிணாமக் கொள்கைக்கு இது ஒரு தூணாகவும் இருந்தது.

2020 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோஃபியா கேனவன், டேனியல் மார்கோலியாஷ் ஆகிய இருவரும் அதே சிறு கிளியை மீண்டும் ஆராய்ந்தனர். இம்முறை கிளிகளுக்கு இரவு இருட்டாக இருந்தது. அவற்றின் மொத்த உறக்கத்தில் 26.5 சதவிகிதம் கண்ணசைவு உறக்கமாக இருந்தது! இது மனிதனின் அளவுக்கு ஒப்பானது. முன்பு சொல்லப்பட்டதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. இரவு செல்லச் செல்ல மந்த அலை உறக்கம் குறைந்து கண்ணசைவு உறக்கம் கூடிற்று. இதுவும் நம்மைப் போலவேதான். மந்த அலைகள் ஏறியிறங்கும் சுற்று ஒன்றுக்கு 29 நிமிடங்கள் ஆயின.

அப்படியானால் பழைய ஆய்வில் நேர்ந்த பிழை என்ன? கேனவனும் மார்கோலியாஷும் பழைய ஆய்வில் இருந்த ஒளிநிலையை அப்படியே மீண்டும் ஏற்படுத்திப் பார்த்தனர். கிளிகளின் உறக்க அமைப்பு அடியோடு குலைந்தது. பழைய ஆய்வின் முடிவுகளும் அதனால் விளங்கின. கிளிக்கு நல்ல உறக்கம் இல்லாமல் இல்லை. அதைக் கெடுத்தது விளக்கு. பறவையின் உறக்கத்தைப் பார்ப்பதற்காக வைத்த வெளிச்சமே, பார்க்க வேண்டிய பொருளை விரட்டிவிட்டது. அந்தக் காலத்துப் பறவை ஆய்வுகள் பலவற்றில் இத்தகைய ஒளிநிலை வழக்கமாக இருந்தது என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். ஆகவே, மற்றப் பறவைகளைப் பற்றிய பழைய முடிவுகளையும் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடக் கூடாது என்பது இயற்பியல் மாணவனுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லப்படும் பாடம். சூடான நீரின் வெப்பநிலையைப் பார்க்கச் சிறு கிண்ணத்துக்குள் பெரிய வெப்பமானியை விடக் கூடாது என்போம். அறிந்தவர்களின் ஆய்வுக்கூடத்திலேயே இந்தப் பிழை நேர்ந்திருக்கிறதென்றால், இரக்கத்தோடு விளக்கேற்றும் நம் வீட்டில் நேர்வதில் வியப்பில்லை.

புதுக் கிளிக்கு முதல் இரவு

இந்த வரலாறு நமக்குத் தரும் வழிமுறைகள் எளியவை.

முதலாவது, ஒளியின் கணக்கு. முழுநிலவின் ஒளி தரையில் 0.3 லக்ஸ் அளவைத் தாண்டுவதில்லை. ‘ஜீரோ வாட்’ என்று நாம் அழைத்த பழைய இழைவிளக்கு உண்மையில் 12 முதல் 15 வாட் மின்திறன் கொண்டது. நிறம் பூசாத 15 வாட் இழைவிளக்கு ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 8 லக்ஸ் ஒளி தரும் என்று கணக்கிடலாம். அதாவது இருபது நிலவுகளுக்கு மேல்! எதிர்விகித இருமடி விதிப்படி மூன்று மீட்டர் தள்ளி வைத்தாலும் ஒன்பதில் ஒரு பங்காகத்தான் குறையும். அப்போதும் அது நிலவைவிட அதிகம். ஆகவே விளக்கைத் தள்ளி வைப்பதைவிட அணைப்பதே சரி. வீட்டில் மற்றவர்களுக்கு விளக்கு வேண்டுமென்றால், கூண்டை நள்ளிரவு வரை ஆட்கள் நடமாடும் கூடத்திலிருந்து அமைதியான அறைக்கு மாற்றலாம். அல்லது கூண்டின் மேல் கனமான பருத்தித் துணியைப் போர்த்தலாம். காற்றுப் போக ஒரு பக்கம் கீழ்ப்பகுதி திறந்திருக்க வேண்டும். கொசுவர்த்திப் புகை கூண்டுப் பக்கம் போகக் கூடாது. பறவையின் மூச்சுறுப்பு புகையைத் தாங்காது.

இரண்டாவது, நேரம். சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். மிக நீண்ட பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, நம் ஊர் இரவே 11 மணி நேரத்துக்குச் சற்று மேல் தொடங்கி ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம் வரை நீள்கிறது. சிறு கிளிக்கும் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் தேவை. நாம் பதினொரு மணி வரை தொலைக்காட்சி பார்த்துவிட்டு ஆறு மணிக்குச் சன்னலைத் திறந்தால், அதற்கு ஏழு மணி நேரமே கிடைக்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில் அடங்குவதும் ஒரே நேரத்தில் விழிப்பதும் முக்கியம். கடிகாரத்தைத் திருத்துவது அந்த ஒழுங்கே.

மூன்றாவது, அந்தி. இயற்கையில் இரவு சுவிட்சைத் தட்டியதுபோல் வருவதில்லை. பெரிய விளக்கை அணைத்து, சிறிய விளக்கைக் கால் மணி நேரம் எரியவிட்டு, பிறகு அதையும் அணைக்க வேண்டும். அந்த நேரத்தில் கிளி தனக்குப் பிடித்த உயரமான குச்சியைத் தேடி அமர்ந்துகொள்ளும். தாழ்ந்த குரலில் நாள்தோறும் அதே சொற்களைப் பேசுவதும் நல்லது. கூட்டத்தின் ஆரவாரத்துக்கு அது ஈடாகாது. ஆனாலும் நாள் முடிந்தது என்பதற்கு ஓர் அடையாளமாகும்.

நான்காவது, காவல். கூண்டின் ஒரு பக்கத்தையாவது சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும். ஒரு பக்கம் அடைபட்டால் காக்க வேண்டிய ஓரங்கள் குறைகின்றன. பூனையும் எலியும் எட்டாத உயரம் வேண்டும். தெருவில் போகும் வண்டிகளின் முன்விளக்கு சன்னல் வழியே கூண்டில் விழக் கூடாது.

ஐந்தாவது, இரவில் கிளி திடுக்கிட்டுச் சிறகடித்தால் என்ன செய்வது? இருட்டில் அதற்குக் குச்சி தெரியாது. உடனே ஒரு மங்கிய விளக்கைப் போட்டு, கூண்டைத் தொடாமல், பெயரைச் சொல்லி மெதுவாகப் பேச வேண்டும். அது குச்சியைப் பற்றி அமர்ந்து, சிறகை ஒடுக்கிய பிறகு விளக்கை அணைக்கலாம். மின்தடை உள்ள ஊர்களில் படுக்கப் போகுமுன் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்திருக்கிறோமா என்று பார்த்துவிட வேண்டும். இதை நான் என் கிளியின் இரத்தத்தைப் பார்த்துக் கற்றேன்.

முதல் சில இரவுகளில் கிளி ஒரு கண்ணைத் திறந்துகொண்டிருந்தால் கவலைப்பட வேண்டாம். அது தன் வேலையைச் செய்கிறது. நாளடைவில் மாலையில் அலகை அரைக்கும் மெல்லிய ‘கரகர’ ஒலி கேட்கும். இறகுகள் உப்பும்; ஒரு கால் வயிற்றுக்குள் ஒடுங்கும்; தலை பின்னால் திரும்பி முதுகிறகுக்குள் புதையும். வரிசையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டதாக அது எண்ணுகிறது என்பதற்கு இவையே அறிகுறிகள். பல நாட்களாகியும் உறங்காமல், பகலில் உப்பிய இறகோடு சோர்ந்து இரை எடுக்காமல் இருந்தால், அது பழக்கக் கோளாறு அன்று. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த விளக்கைக் கழற்றிவிட்டோம். காயமும் ஆறிவிட்டது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பிறகு ஓர் இரவு, துணியைச் சற்று விலக்கி, கதவிடுக்கில் வந்த ஒளியில் பார்த்தோம். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி, முதுகுக்குள் தலையைப் புதைத்திருந்தன. “இருட்டில் பயமாக இருக்காதா?” என்று கேட்ட மகளுக்கு இப்போது என்னிடம் விடை இருந்தது. இருட்டைப் பார்த்துப் பயப்படுவது நாம். கிளிக்குப் பயம் தருவது புது இடமும் திடீர் வெளிச்சமும்தான். இருள் என்பது அதன் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் நாள்தோறும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு செய்தி.

நான் இவ்வளவையும் சொல்வதற்குள் அவளே துணியை இழுத்து மூடிவிட்டு, “சத்தம் போடாதீங்கப்பா” என்றாள்.